நொண்டும் கோழியை அறுக்கும் முன்…

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளைக்கழிச்சல், அம்மை, தீவனம் எல்லாம் இருந்தது. கோழியின் உள்ளங்காலில் வரும் சீழ்ப்புண் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் பக்கம் கோழி நொண்டினால் ‘முள் குத்தியிருக்கும்’ என்று விட்டுவிடுவோம். பத்து நாளில் அது குழம்புக்குப் போய்விடும். நானும் இரண்டு கோழிகளை அப்படித்தான் இழந்தேன்.

மூன்றாவது, பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி இனத்துப் பெட்டை. கம்பு இறைத்தால் எல்லாவற்றுக்கும் முந்தி ஓடி வரும். அன்று ஒற்றைக் காலிலேயே நின்றது. தூக்கி மடியில் மல்லாத்தி உள்ளங்காலைப் பார்த்தேன். நடுவில் மிளகளவு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் சூடு. கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன்.

இந்தப் பாதப்புண்ணுக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமிதான் பெரும்பாலும் காரணமாம். சின்னக் கீறல் இருந்தாலே உள்ளே போய்விடுமாம். கோழிக்குச் சீழ் நம்மைப் போல ஒழுகாது, கெட்டியாக உருண்டு உள்ளேயே தங்கிவிடும் என்றார் டாக்டர். அவர் கீறி எடுத்ததைப் பார்த்தேன்: பட்டாணி அளவில், வேகவைத்த மஞ்சள் கரு மாதிரி ஒரு கட்டி. பிதுக்கினால் அது எப்படி வரும்?

அப்புறம் அவர் சொன்னபடி, தினமும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் வைத்து, ஈரம் போக ஒற்றி, அயோடின் மருந்து தடவி, புதுத் துணியால் கட்டினேன். கையுறை போட்டுக்கொள்வது அவசியம், அந்தக் கிருமி நம் கைப்புண்ணிலும் ஏறும். பஞ்சாரத்துக்குள் காய்ந்த வைக்கோல் போட்டு அடைத்து வைத்தேன். பதினெட்டாம் நாள் வெளியே விட்டதும் இரண்டு காலாலும் குப்பையைக் கிளறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குற்றம் என் கூண்டில்தான். சிமெண்ட் தரை, ஐந்தடி உயரத்தில் கோழி ஏறி அடைய செதுக்காத சீமைக்கருவேலக் கம்பு. கனத்த கோழி தினமும் விடிந்ததும் அங்கிருந்து சிமெண்டில் குதித்தால் பாதம் என்ன ஆகும்? இப்போது ஒன்றரை அடியில், இழைத்த வேப்பங்கம்பு. தரையில் நான்கு விரற்கடை உமி; ஈரமானால் அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுகிறேன்.

வீட்டில் பிளேடால் கீறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், ரத்தம் நிற்காமல் கோழி செத்துப்போகலாம். நமக்குக் கொடுத்ததில் மிச்சமான மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் தப்பு, மருந்து முட்டையில் இறங்கி நம் பிள்ளைகள் வயிற்றுக்குத்தான் வரும். டாக்டர் மருந்து கொடுத்தால், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கால் நன்றாக இருந்து, காலின் செதில் மட்டும் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது செதில் பூச்சி. அதற்கு வைத்தியம் வேறு.

அரசு மானியத்தில் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு தருகிறது. நல்ல திட்டம். அந்தப் பயிற்சியில் ஒரு கோழியைத் திருப்பி அதன் பாதத்தைக் காட்டப் பத்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா? நீங்களும் நல்ல பாதம், புண் பிடித்த பாதம் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கும் அது புரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மானாமதுரை வட்டம், சிவகங்கை மாவட்டம்.