விருது கலெக்டரோட நின்னுடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தினத்தன்னைக்கு கோட்டையில முதலமைச்சர் குடுக்கற நல் ஆளுமை விருது, ஏப்ரல் 21 குடிமைப் பணிகள் தினத்துல டெல்லியில பிரதமர் குடுக்கற பொது நிர்வாக விருது, இது ரெண்டு பத்தியும் உங்க பேப்பர்ல போட்டோவோட செய்தி வரும், நான் விடாம படிப்பேன். வருவாய்த் துறையில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன், அதனால அந்தப் போட்டோவுல யார் நிக்கறாங்கன்னு பாக்கும்போதே யார் இல்லைங்கறதும் கண்ணுல பட்டுடும். அந்த வேலையை ஊர்ல இறங்கிச் செஞ்ச கீழ்மட்ட ஊழியர்களைப் பத்தித்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போனாலும் போடுங்க.

பிரதமர் விருது 2006ல ஆரம்பிச்சது. 1947 ஏப்ரல் 21ல சர்தார் பட்டேல் டெல்லி மெட்காஃப் ஹவுஸ்ல புதுசா பயிற்சிக்கு வந்த அதிகாரிங்ககிட்ட பேசினார், அந்த நாளைத்தான் குடிமைப் பணிகள் தினமா வச்சிருக்காங்க. விருதுன்னா ஒரு கோப்பை, ஒரு பாராட்டுப் பத்திரம், அதோட 20 லட்சம் ரூபாய். அந்தப் பணம் கலெக்டர் கைக்குப் போறதில்ல, மாவட்டத்துக்குத்தான், அந்தத் திட்டத்தையே இன்னும் நல்லா நடத்தறதுக்கு இல்லன்னா வேற எங்கயாவது குறையா இருந்தா சரிபண்றதுக்குன்னு ரூல் இருக்கு, அது நல்ல ரூல். ஆனா 2020ல இந்த விருதைத் திருத்தி அமைச்சப்போ மாவட்ட கலெக்டர்களோட செயல்பாட்டை அங்கீகரிக்கறதுன்னு எழுதிட்டாங்க. கலெக்டர் நல்லவரா இருந்தாத்தான் மாவட்டம் நடக்கும், அதை நான் மறுக்கல, நல்ல கலெக்டர்களுக்குக் கீழ வேலை பார்த்த சந்தோஷம் எனக்கும் உண்டு. ஆனா அவர் போட்ட உத்தரவு தாலுகா ஆபீஸ் வந்து, வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வந்து, கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வந்து, கடைசியில கிராம உதவியாளர்னு ஒருத்தர் சைக்கிளை எடுத்துக்கிட்டு போறப்பத்தான் அது ஜனங்களுக்குத் தெரியற வேலையா மாறுது.

கஜா புயலை எடுத்துக்கங்க. 2018 நவம்பர் 16 அதிகாலையில கரையைக் கடந்துச்சு, பட்டுக்கோட்டை பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பெல்லாம் படுத்துடுச்சு. ஒரு மரத்துக்கு 600 ரூபா நிவாரணம், அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மொத்தம் 1,100 ரூபான்னு அரசாங்கம் அறிவிச்சுது. பேப்பர்ல ஒரே வரியில வந்துடுச்சு, ஆனா அந்தப் பணம் போகணும்னா யாராவது மரத்தை எண்ணணும்ல? எங்க பக்கத்துல ஒரு கிராம உதவியாளர் இருந்தார், அவர் வீட்டு ஓடே பறந்து போயிருந்துச்சு, பொண்டாட்டி புள்ளைங்க பள்ளிக்கூட முகாம்ல, இவர் வி.ஏ.ஓ. கூட தோப்பு தோப்பா ஏறி இறங்கினார். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கற மரத்துல எந்த மரம் எந்தப் பட்டாக்காரரோடதுன்னு வேர் இருக்கற குழியை வச்சுத்தான் சொல்ல முடியும், ஆள் தெரியணும், வரப்பு தெரியணும், அண்ணன் தம்பி பாகம் பிரிச்சும் பட்டா மாறாம கிடக்கறது தெரியணும். எண்ணின மரத்துல சுண்ணாம்பால கோடு போட்டுட்டே போவார், இல்லன்னா அடுத்த தோப்புக்காரர் கணக்குலயும் அதே மரம் வந்துடும். கரண்ட் கிடையாது, ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு வி.ஏ.ஓ. சர்வே நம்பர் வாரியா நோட்டுல ஏத்துவார், இவர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லுவார். அந்தக் கணக்குல பெரிசா தகராறே வரல. அந்த மனுஷனுக்கு ஒரு பாராட்டுக் கடுதாசி கூட வரல சார்.

நல்ல அதிகாரி விருதுக்காகவா வேலை செய்யறார்னு கேக்கறவங்க உண்டு. எஸ்.ஆர். சங்கரன் ஐ.ஏ.எஸ். பத்மபூஷணையே வேண்டாம்னு சொன்னவர், தஞ்சாவூர் மண்ணுல பொறந்து ஆந்திராவுல கொத்தடிமைகளை மீட்கறதுக்கு அவ்வளவு பாடுபட்டவர். அவரை நெனச்சா கை எடுத்துக் கும்பிடணும். ஆனா வேண்டாம்னு சொல்றதுக்கும் முதல்ல யாராவது குடுக்க வரணும், கீழ இருக்கறவனுக்கு அந்த நிலைமையே வரதில்ல. பத்ம விருதுக்கும் வழி கிடையாது, டாக்டர், விஞ்ஞானி தவிர பணியில இருக்கற அரசு ஊழியர் யாருக்கும் பத்ம விருது குடுக்கக் கூடாதுன்னு விதி.

அடுத்தது உதவித்தொகை. நான் முதல்வன் திட்டத்துல சிவில் சர்வீஸ் பரீட்சைக்குப் படிக்கற 1,000 பேரை தேர்வு வச்சு எடுத்து மாசம் 7,500 ரூபா 10 மாசத்துக்குக் குடுக்கறாங்க, பிரிலிம்ஸ் பாஸ் பண்ணா 25,000. அருமையான திட்டம், கிராமத்துப் பசங்க ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கவலை இல்லாம படிக்கறாங்க. ஆனா அது உள்ள நுழையறதுக்கு. குரூப் 4 எழுதி உள்ள வந்துட்ட ஒரு பொண்ணு ஜூனியர் அசிஸ்டெண்டா இருந்துக்கிட்டே பொது நிர்வாகம் எம்.ஏ. படிக்கணும்னு ஆசைப்பட்டா என்ன வழி? இக்னோவுல இருக்கு, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல இருக்கு, படிப்புக்குக் குறையில்ல, ஃபீஸ்தான் சம்பளத்துல இருந்து போகணும். முன்னாடி மேல்படிப்பு முடிச்சா ஊக்க ஊதிய உயர்வு உண்டு, 2020 மார்ச்சுல நிறுத்தினாங்க, அப்புறம் ஒரே தடவை மொத்தமா ஒரு தொகைன்னு மாத்தினாங்க. அதுவும் படிச்சு முடிச்சப்புறம் வர்ற பணம். உதவித்தொகைன்னா படிக்க ஆரம்பிக்கும்போதே கையில வரணும், வீட்டு லோனும் புள்ளைங்க ஃபீஸும் கட்டறவங்களுக்கு அதுதான் பெரிய வித்தியாசம்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்ல. ஒரு மாவட்டமோ துறையோ விருது வாங்கினா அந்த வேலையில இருந்தவங்க பேரு, பதவி எல்லாம் பட்டியலா அரசாணையிலயே வரணும், அவங்கவங்க எஸ்.ஆர்.ல, அதாவது பணிப் பதிவேட்டுல, ஒரு வரி ஏறணும். தப்பு பண்ணா 17பிங்கற ஒழுங்கு நடவடிக்கை சார்ஜ் அப்படியே எஸ்.ஆர்.ல ஏறுதுல்ல, நல்லது செஞ்சா ஏறக் கூடாதா? பரிசுப் பணத்துல ஒரு பங்கை அந்த மாவட்டத்துக் கடைநிலை ஊழியர்களோட படிப்புக்குன்னு ஒதுக்கணும், பிரதமர் விருதுக்கு டெல்லியில ரூல் மாத்தணும்னா நம்ம அரசு எழுதிக் கேக்கட்டும், முதலமைச்சர் விருதுக்கு இங்கயே முடிவு பண்ணிடலாம். வீடு வீடா போய் சுகர், பிரஷர் பாக்கற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களையும் இதுல சேக்கணும், மக்களைத் தேடி மருத்துவத்துக்கு 2024ல ஐ.நா. விருது வந்துச்சே, அது அவங்க நடந்த நடை.

அந்தப் படிப்பு உதவித்தொகைக்கு லூர்து பிரான்சிஸ் பேரு வைக்கணும். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டுல ஆத்து மணல் கடத்தறாங்கன்னு போலீஸ்ல புகார் குடுத்த வி.ஏ.ஓ., 2023 ஏப்ரல் 25ல ஆபீசுக்குள்ளயே வெட்டிக் கொன்னுட்டாங்க. ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை ஆச்சு, குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி குடுத்துச்சு, அதெல்லாம் சரி. ஆனா ஒவ்வொரு வருஷமும் எந்த ஊர்லயோ ஒரு ஜூனியர் அசிஸ்டெண்டோ கிராம உதவியாளரோ அவர் பேரைச் சொல்லிப் படிக்கட்டும். வர்ற பட்ஜெட் கூட்டத்தொடர்லயே வருவாய்த் துறை மானியக் கோரிக்கையில இதை அறிவிக்கணும்னு அமைச்சரைக் கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
பட்டுக்கோட்டை.