குணத்தின் கிளினிக் கொப்பி

அன்புள்ள ரவி,

மச்சான், நீ அனுப்பிய காசைக் குணத்தின் மனைவி கையில் நேற்றுக் கொடுத்துவிட்டேன். அந்தியேட்டி போன வியாழக்கிழமை முடிந்தது. திருக்கடலூர்ப் பக்கம் பாதிச் சனம் வந்திருந்தது, அவன் கை படாத படகு எஞ்சின் அந்தக் கரையில் இல்லை என்றபடியால். அன்றைக்குப் போனில் நீ கேட்டாயே, "ஐம்பத்திநாலு வயதிலை பாரிசவாதம் வருமாடா, அது எங்கடை அப்பாமாருக்கு வாற வருத்தம் எல்லோ" என்று, அந்த நேரம் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருசம் வாட்டில் தாதியாக நின்றவன் நான், பதில் தெரியும், ஆனால் அது குணம் என்றதும் தொண்டை அடைத்துவிட்டது. இப்போது எழுதுகிறேன், ஆறுதலாகப் படி.

நடந்தது இதுதான். காலை ஆறரை இருக்கும், ஒரு எஞ்சினின் மூடியைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்தவன் தலையிடிக்கிறது என்றிருக்கிறான், பிறகு சத்தி. வலது கையிலிருந்த சாவி நழுவி மண்ணில் விழ, அதை எடுக்கப் போன கை எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற பொடியன் "அண்ணைக்கு வாய் கோணுது" என்று கத்தினானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒருவரும் சுணங்கவில்லை. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் ஆழத்தில் இரத்தம். மூன்றாம் நாள் விடியப்புறம் போய்விட்டான்.

நாங்கள் பாரிசவாதம் என்று ஒரே பெயரால் சொல்வது இரண்டு வேறு வருத்தங்கள், மச்சான். ஒன்று மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது, மற்றது குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது. நீ இருக்கும் இங்கிலாந்தில் நூறு பேருக்கு வந்தால் ஏறக்குறைய 85 பேருக்கு அடைப்புத்தான். உலகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்: 2021 இல் புதிதாக வந்தவை ஒரு கோடியே 19 லட்சம், அதில் 65 வீதம் அடைப்பு, 29 வீதம் மூளைக்குள்ளேயே கசிவு, மிச்சம் 6 வீதம் மூளையைச் சுற்றிய உறைக்கடியில் கசிவு. கசிவு மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் அந்த வருடம் பாரிசவாதத்தால் செத்த 73 லட்சம் பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கசிவால் செத்தவர்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்தால் ஒரு மாதத்துக்குள் நூற்றுக்கு 40 பேர் போய்விடுகிறார்கள், அதிலும் பாதிப்பேர் முதல் இரண்டு நாளுக்குள். வாட்டில் அந்த இரண்டு இரவுகளை நான் எத்தனை கட்டிலருகில் கழித்திருப்பேன், எண்ணியதில்லை.

உறைக்கடியில் வருவது வேறு மாதிரி. அது பெண்களுக்குத்தான் கூடுதலாக, ஐம்பது வயதுக்குக் கிட்டவே வரும், குழாயில் குமிழ் மாதிரி வீங்கிய இடம் வெடிக்கிறது. வாழ்க்கையில் பட்டிராத தலையிடி ஒரு நொடியில் உச்சத்துக்கு ஏறும். கொக்கா எப்போதாவது அப்படிச் சொன்னால் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதே, உடனே கொண்டு ஓடு.

குணத்துக்கு வந்தது மற்றது, பிரஷர் கசிவு. வருடக்கணக்காக உயர்ந்த பிரஷர் மூளையின் ஆழத்திலுள்ள சின்னக் குழாய்களின் சுவரைத் தேய்த்துத் தேய்த்து ஒருநாள் விட்டுவிடும். இது ஆண்களைத்தான் கூடப் பிடிக்கிறது, அதுவும் ஏழை நாடுகளில் உழைக்கிற வயதில். 1980 முதல் 2008 வரை உலகத்தில் நடந்த ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது ஆசியர்களில் வருடத்துக்கு லட்சத்துக்கு 52 பேர், வெள்ளையர்களில் 24 பேர் என்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் இரத்தமே அப்படி, இனவழியாக வருவது என்று சொல்கிறவர்களை வாட்டிலேயே கண்டிருக்கிறேன், டொக்டர்கள் உட்பட. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் நடுத்தர வயதில் இந்தக் கசிவு வெள்ளையர்களை விடக் கூடத்தான் வருகிறது. அவர்களும் நாங்களும் என்ன ஒரே இரத்தமா? அங்கேயும் பிரஷர் இளவயதிலேயே ஏறி, இறக்கப்படாமல் கிடக்கிறது.

ஜப்பானைப் பார். 1951 இலிருந்து முப்பது வருசம் அங்கே சாவுக்கு முதல் காரணம் பாரிசவாதம், அதில் கசிவு ஏராளம். வடக்கே அக்கித்தா மாகாணத்தில் ஒரு ஆள் நாளுக்கு 20 கிராமுக்கு மேல் உப்புத் தின்றார்கள், ஊறவைத்த மரக்கறியும் உப்பு மீனுமாக. (இப்போது நாளுக்கு 5 கிராமுக்குள் சாப்பிடவேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் சுட்ட கருவாடும் சம்பலும் உள்ள நாளில் எவ்வளவு போகும் என்று நீயே யோசி.) அந்த மாகாணத்தில் இக்காவா என்ற ஊரில் 1963 இலிருந்து எல்லாருக்கும் பிரஷர் பார்த்து, கூடினவர்களைத் தேடிப் பிடித்து மருந்து கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி வீடு வீடாகப் போனார்கள். பாரிசவாதம் விழுந்துவிட்டது. சனம் அதே சனம்.

உன் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஒக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் 1980களின் தொடக்கத்தையும் 2002 முதல் 2006 வரையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 75 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வரும் கசிவு பாதியளவுக்குக் குறைந்திருந்தது, பிரஷர் மருந்து அந்த வேலையைச் செய்திருக்கிறது. 75 தாண்டியவர்களில் குறையவில்லை, ஏனென்றால் அங்கே கிழவர்கள் இதயத்துக்கென்று இரத்தம் இளக்கும் மருந்து எடுக்கிறார்கள், போதாததற்கு அந்த வயதில் மூளைக் குழாய்ச் சுவரில் ஒருவகைப் புரதம் படிந்து குழாய் நொய்ந்து போயிருக்கும். ஆக, அங்கே இது கிழவர்களின் வருத்தமாக மாறிவிட்டது. இங்கே இன்னும் குணத்தின் வயதில் நிற்கிறது.

இனித்தான் எனக்கு நெஞ்சை அறுக்கிற விசயம். அந்தியேட்டிக்கு முதல் நாள் அவன் மனைவி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். கிளினிக் கொப்பி, எண்பது பக்கம், கடதாசி உறை போட்டு மகள் அழகாகப் பெயர் எழுதியிருந்தாள். முதல் பக்கத்தில் 180/110. அடுத்த மாதம் 160/100. பிறகு 150/90, பிறகு 138/86. அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள், இரண்டு வருசத்துக்கு மேல். கொப்பிக்குள் மடித்த கடதாசி உறை, அதில் "காலை 1" என்று எழுதிய குளிசைகள், பதினொன்று மிச்சம். "இறங்கிட்டுது எண்டுதான் அண்ணை விட்டவர். ஒரு வருத்தமும் இல்லாமல் திரியிறன், எதுக்கு ஒரு நாள் உழைப்பை விட்டுட்டு அங்கை போய் வரிசையிலை நிக்கவேணும் எண்டவர்" என்றாள். குளிசை எடுத்ததால்தானே இறங்கியது! அதை யாராவது அவனுக்கு விளங்கச் சொன்னார்களா? நான் சொன்னேனா? வாரத்துக்கு இரண்டு தரம் அவனோடு தேத்தண்ணி குடித்தவன் நான். கேட்கவேயில்லை, மச்சான்.

வரிசையை அவன் சொன்னது பொய்யில்லை. விடிய ஐந்தரைக்குப் போய் நம்பர் எடுத்தால் பத்தரை, பதினொன்றாகும். அந்த வாங்குகளில் இருப்பவர்களைப் பார்த்தால் உனக்கு விளங்கும், அம்மாமார், ஆச்சிமார், அவர்களைக் கூட்டிவந்த மகள்மார். கடலுக்குப் போகிறவனும் ஓட்டோ ஓடுகிறவனும் மேசன் வேலைக்காரனும் அங்கே இல்லை. நாட்டில் வயதுவந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பிரஷர் இருக்கும்போது அந்த ஆண்கள் எங்கே? காய்ச்சல் என்றால் வருவார்கள், நோகாத வருத்தத்துக்கு வரமாட்டார்கள். கடைசியில் வாட்டுக்குத்தான் வருகிறார்கள், பேச்சில்லாமல். காலையில் வேலைக்குப் போகிறவனுக்குப் பின்னேரக் கிளினிக் வேண்டும், நான் இதைக் கேட்காத இடமில்லை, இனியும் கேட்பேன்.

செய்யலாம் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இலங்கை ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2018 இல் வெளிவந்தது. மூன்று மருந்தைச் சின்ன அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதத்தினருக்குப் பிரஷர் சொன்ன அளவுக்கு வந்தது, வழக்கமான முறையில் 55 வீதம். அப்படியொரு குளிசை கிடைத்திருந்தால் குணம் கூட விடாமல் எடுத்திருப்பானோ என்று படுத்தால் யோசனை வருகிறது.

சரி, உன் வீட்டு விசயம். ஞாயிற்றுக்கிழமை பாலையூற்றுக்குப் போய்க் கொண்ணையைப் பார்த்தேன், பிரஷர் மெசினையும் கொண்டுதான் போனேன், இப்போது எங்கே போனாலும் அது என் பையில் இருக்கிறது. 168/96. பத்து நிமிசம் இருக்க விட்டுத் திரும்பப் பார்த்தேன், 166. குளிசை முடிந்து மூன்று கிழமையாம், "தம்பிக்குச் சொல்லாதை, அவன் அங்கை இருந்து பயப்பிடுவான்" என்றார். நான் சொல்லுகிறேன். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன், நம்பரும் நானே எடுப்பேன், ஆனால் என் சொல்லுக்கு அவர் வெளிக்கிடமாட்டார். இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார், இங்கத்தைய எட்டு மணிக்குள் நீ எடுத்துப் பேசு.

அன்புடன்,
உன் சிவா