ஐந்து மணி பால்வாடி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காது குத்தியாகிவிட்டது என்று படித்து மகிழ்ந்தேன். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது; அதை எழுதத் தொடங்கினால் வேறெதற்கும் தாளில் இடம் இருக்காது.

ரிட்டயரான பிறகு வீட்டில் இருக்காமல் அந்தக் கிறிஸ்தவ அமைப்புக்கு ஏன் போகிறாய், மதம் மாற்றத்தானே நடத்துகிறார்கள் என்று கேட்டிருந்தாய். திருநீறோடு போகிறேன், திருநீறோடுதான் திரும்பி வருகிறேன். மாலை வகுப்புக்கு முன் சிஸ்டர் சின்னதாக ஒரு ஜெபம் சொல்வார். என் கண் மட்டும் திறந்தே இருக்கும். யார் பென்சிலை யார் எடுக்கிறான் என்று பார்க்க வேண்டாமா? உன் புகுந்த ஊரான தரங்கம்பாடியில் 1707லேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு. அவர் எதற்காக வந்தார் என்பது ஊரறிந்தது. இருந்தாலும் பெண்ணும் எழுத்தறிய வேண்டும் என்று நினைத்தாரே, அந்தக் கணக்கை நான் தனியாகத்தான் வைப்பேன்.

இங்கே வருகிற தேவனாம்பட்டினத்து மீனவப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் இலவசம். அப்படியும் ஏழாவது எட்டாவதில் பெண்கள் நின்றுவிடுகிறார்கள். அம்மா மீன் விற்பவள். ஏலம் எடுக்க இருட்டோடு துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுவாள். கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்தவள்தான். அம்மா வீடு திரும்புவதற்குள் பள்ளியில் மணி அடித்திருக்கும். தினம் தாமதம், தினம் திட்டு. ஒருநாள் அவளே போகாமல் இருந்துவிடுகிறாள்.

அதற்காகத்தான் இந்த அமைப்பினர் காலை ஐந்து மணிக்கே ஒரு பால்வாடியைத் திறந்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த வேலை இதுதான். போன வாரம் சீக்கிரமே போயிருந்தேன். ஒரு பெண் தூங்கும் தம்பியை இடுப்பிலிருந்து ஆயாவிடம் இறக்கிக் கொடுத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து, ரிப்பனைப் பல்லில் கடித்தபடி சடை பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வரலாற்றுப் புத்தகம் திறந்து கிடந்தது. அவளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்திருந்தால்கூட இந்த நேரம் கிடைத்திருக்காது.

தாய்மார்களுக்கும் வகுப்பு உண்டு. கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்தவர்கள் பலர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதும் அதே ஜூனில். அப்போது இருக்கிற குண்டுமணித் தங்கமும் அடகுக் கடையில்தான் இருக்கும். இந்த முறை ஒரு அம்மா அடகுச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்து, வாயால் சொன்ன வட்டி வேறு, எழுதியிருக்கும் வட்டி வேறு என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டாள். தமிழ் டீச்சராக என் காலம் வீண்போகவில்லை!

பிடிக்காததையும் சொல்கிறேன். வெளிநாட்டு நன்கொடையாளருக்குப் பிள்ளைகள் நன்றிக் கடிதம் எழுத வேண்டும், போட்டோவோடு. ஒரே வீட்டில் அக்காவுக்குப் பணம் வரும், தங்கைக்கு வராது. பத்து வயதுப் பிள்ளை முகம் தெரியாதவரிடம் எதற்காக நன்றிக்கடன் பட வேண்டும்? சிஸ்டரிடம் நேரிலேயே சொன்னேன். கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை.

இப்போது அந்தப் பணமும் நின்றுவிட்டது. வெளிநாட்டு நன்கொடையை ஓர் அமைப்பு இன்னொன்றுக்குக் கைமாற்றக் கூடாது என்று 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா? இவர்களுக்குப் பெரிய அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. மாலை வகுப்புக்கு என்னைப் போன்ற கிழவிகள் போதும், சம்பளம் வேண்டாம். ஆயாவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. விடியற்காலையில் எழுந்து வருகிறவள். அவளுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அதனால் உன்னிடம் வாய்விட்டுக் கேட்கிறேன். உன் பென்ஷனிலிருந்து மாதம் முந்நூறோ ஐந்நூறோ ஆயா சம்பளத்துக்கு அனுப்பு. பதிலுக்குப் போட்டோவும் வராது, நன்றிக் கடிதமும் வராது. ரசீது மட்டும் வரும், என் கையெழுத்தில்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி