மூன்றாம் பக்கத்தில் என்ன போடுவது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய உங்கள் நர்சிங் கல்லூரி பிராஸ்பெக்டஸ் மாதிரியைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் '100% தேர்ச்சி, 100% வேலைவாய்ப்பு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அதை அப்படியே விடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம்தான். நீ பஸ்ஸில் நின்றுகொண்டே 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லி வைத்துவிடுவாய். இது கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தாளாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அறுபது இடத்துக்கு அனுமதி வாங்கி வைத்துவிட்டுப் பாதி பெஞ்ச் காலியாகக் கிடந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? பிள்ளைகள் குறைகிறார்கள் என்பதற்காக பல்கலைக்கழக இணைப்புக் கட்டணம் குறையாது, பஸ் டீசல் குறையாது, லேபில் பிள்ளைகள் பழகும் பொம்மையின் விலையும் குறையாது. ஆஸ்பத்திரி வேறு வைத்திருக்கிறார், அதுவும் நூறு படுக்கை. அட்மிஷன் எத்தனை என்று அவர் தினமும் கேட்பது புரிகிறது. ஆனால் அட்மிஷன் பொறுப்பு உன் கையில் வந்திருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியவள் நீதான்.

அந்த 100% எப்படி வருகிறது தெரியுமா? ஒரு பேச்சுக்கு 60 பேர் சேர்ந்தார்கள் என்று வை. முதல் இரண்டு வருடத்தில் 20 பேர் நின்றுவிட்டார்கள். கடைசி வருடம் பரீட்சை எழுதியது 40 பேர். அதில் அரியர் இல்லாமல் ஒரே தடவையில் தேறியது 28 பேர். எழுதியவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 70%. சேர்ந்தவர்களை வைத்துப் போட்டால் 47% கூட இல்லை. நின்றவர்களை விட்டுவிட்டு, அரியரை அப்புறம் எழுதித் தேறிய மீதிப் பேரையும் சேர்த்துக்கொண்டால் '100% தேர்ச்சி'. வேலை கேட்டு வந்த 15 பேரையும் உங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்துக்கொண்டால் '100% வேலைவாய்ப்பு'. யாரும் பொய் சொல்லவில்லை, பின்னத்தில் கீழே போட வேண்டிய எண்ணை மட்டும் மாற்றிவிட்டார்கள். அமெரிக்காவில் நர்ஸ் உரிமத் தேர்வில் எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்று அந்தந்த மாநில கவுன்சிலே வெளியிடுகிறது. டெக்சாஸில் அது 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கல்லூரிக்குக் கேள்வி வரும். நம் ஊரில் அதுபோல யாரும் கேட்பதில்லை, அதனால் பிளெக்ஸ் போர்டு வைப்பவர்களுக்கு வசதி.

அந்த இருபது பேர் எங்கே போனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். நான் டியூட்டராக இருந்தபோது பார்த்த வரையில் சோம்பலால் படிப்பை விட்டவர்கள் குறைவு. முதல் இடி அனாட்டமி, பிசியாலஜி, அதாவது உடலின் அமைப்பும் அது இயங்கும் விதமும். 2021இல் இந்திய நர்சிங் கவுன்சில் செமஸ்டர் முறையைக் கொண்டுவந்த பிறகு இரண்டும் முதல் செமஸ்டரிலேயே வந்துவிடுகின்றன, கூடவே சைக்காலஜி, சோசியாலஜி, நர்சிங் பவுண்டேஷன். பிளஸ் டூ வரை தமிழில் படித்த பிள்ளை, அட்மிஷன் தள்ளிப்போய் ஒரு மாதம் தாமதமாகச் சேர்ந்திருக்கும். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, முதல் தடவை வார்டில் புண்ணைப் பார்த்துத் தலை சுற்றும். அதோடு கல்லீரலின் ரத்த ஓட்டத்தை ஆங்கிலத்தில் எழுது என்றால் என்ன செய்யும்? இரண்டு பாடத்தில் அரியர் விழுந்தால் 'நமக்கு இது வராது' என்று முடிவு கட்டிவிடும். எட்டு வருடத்துக்குள் முடித்தால் போதும் என்று விதி இருப்பதையும் யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது பணம். முதல் வருடம் நகையை வைத்துக் கட்டிவிடுவார்கள். இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள், அந்த வருடமே கல்யாணமும் ஆகிவிடும். இதில் உன்னால் செய்யக்கூடியது நிறைய. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், 2022 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இதெல்லாம் கல்லூரி ஆபீஸ் வழியாகப் போக வேண்டிய விண்ணப்பங்கள். ஆபீசில் ஒருவர் சரியாக உட்கார்ந்து ஆதார், பேங்க் கணக்கு, வருமானச் சான்றிதழ் எல்லாம் சரிபார்த்து அனுப்பினாலே சில பிள்ளைகள் நின்றுபோகாமல் தப்பிக்கும். பீஸ் பாக்கிக்காக ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பூட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் உங்கள் ஆபீசுக்குள் வராமல் பார்த்துக்கொள். என் சினேகிதி மகள் படித்த இடத்தில் அதைச் செய்தார்கள். அந்தப் பெண் வேறு எங்கும் சேர முடியாமல் ஒரு வருடம் வீட்டில் கிடந்தது.

சரி, தேறியவர்களையாவது நம்பலாமா? பரீட்சை மார்க் வேறு, வார்டு வேறு என்று உனக்கே தெரியும். மதுரை பெரியாஸ்பத்திரியில் நான் நைட் டியூட்டி பார்த்த ஒரு நாள், நல்ல மார்க் வாங்கிய புதுப் பெண் ஒருத்தி டிரிப் பாட்டிலுக்குக் கீழே நின்று விழித்துக்கொண்டிருந்தாள். 500 மில்லி நார்மல் சலைன், நாலு மணி நேரத்தில் போக வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. பத்தாயிரம் சொட்டை 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42. அவளுக்கு சூத்திரம் மனப்பாடம். ஆனால் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் உருளையைக் கை திருகவில்லை, ஏனென்றால் படிக்கும்போது ஒரு தடவை கூட வாட்சைப் பார்த்து சொட்டு எண்ணியதில்லை. வார்டுப் பயிற்சிக்கு போஸ்டிங் போன இடத்தில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருக்கிறார்கள், முன்னால் நின்ற இரண்டு பேர்தான் தொட்டிருக்கிறார்கள். நான் பக்கத்தில் நின்று அவளையே எண்ண வைத்தேன். மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. செய்து பழகியதைப் பதியும் கேஸ் புக்கில் என்னவோ எல்லாக் கையெழுத்தும் இருந்திருக்கும்.

அதனால் உங்கள் கல்லூரி சின்னது என்று நீ வருத்தப்படுவது எனக்குப் புரியவில்லை. நூறு பேர் படிக்கும் இடத்தில் பின்வரிசைப் பிள்ளைக்குக் கிடைக்காத கட்டில் உங்கள் முப்பது பேருக்குக் கிடைக்கும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளி, பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று கவுன்சில் வைத்திருக்கும் விகிதத்தைக் காகிதத்தில் காட்டாமல் வார்டில் காட்ட உங்களால் முடியும். அறுபது பேர் வீதம் நாலு வருடமும் நிரம்பி 240 பேர் ஆனால், அந்த நூறு படுக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஜில்லா ஆஸ்பத்திரிக்கு பஸ் விட வேண்டும், அங்கே ஏற்கெனவே மூன்று கல்லூரிப் பிள்ளைகள் நிற்பார்கள். தாளாளரிடம் இதை யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஏஜென்ட் வைத்துப் பிள்ளை பிடிப்பது பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்து வரும் பிள்ளைதான் முதலில் ஓடும். என்ன படிக்க வந்தோம் என்றே அதற்குத் தெரியாது. அந்தக் கமிஷன் பணத்தில் முதல் செமஸ்டருக்கு மட்டும் சாயங்காலம் ஓர் ஆங்கில வகுப்பு வையுங்கள்.

வேலூர் சி.எம்.சி. கதை உனக்குத் தெரியும். 1918இல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிர்ஷ்டம் என்றார்களாம், வந்தது 151. இந்த 151ஐத்தான் எல்லோரும் மேடையில் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது 1922இல் படிப்பை முடித்து வெளியே வந்த 14 பேர்தான். 151 விண்ணப்பம் வந்தும் கொஞ்சம் பேரை மட்டுமே எடுத்து, அவர்களை உருப்படியாக முடிக்க வைத்திருக்கிறார்.

வேலை விஷயத்தில் பெற்றோரிடம் பூசி மெழுகாதே. தனியார் ஆஸ்பத்திரியில் ஆரம்பச் சம்பளம் குறைவு, ஷிப்ட் நீளம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும், வந்தாலும் முதலில் தொகுப்பூதியம்தான். வெளிநாடு என்றால் இங்கிலாந்துக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழித் தேர்வு. ஜெர்மன் என்றதும் லட்சக்கணக்கில் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரிக்கச் சொல். இதையெல்லாம் கேட்டுவிட்டும் சேர்க்கிற அப்பா, பாதியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்.

ஆக, மூன்றாம் பக்கத்தில் இதைப் போடு: கடைசியாக முடித்த மூன்று பேட்சிலும் சேர்ந்தவர்கள் எத்தனை, நாலு வருடத்தில் முடித்தவர்கள் எத்தனை, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் எத்தனை, ஒரு வருடம் கழித்து நர்சாக வேலை பார்ப்பவர்கள் எத்தனை. கடைசிக் கணக்கு உங்களிடம் இருக்காது. பழைய ரிஜிஸ்டரில் போன் நம்பர் இருக்கும், அட்டெண்டர் அக்காவிடம் கேட்டால் எந்தப் பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று ரிஜிஸ்டரைவிடச் சரியாகச் சொல்லும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசு. நின்றுபோன பிள்ளைகளையும் கூப்பிடு, ஏன் நின்றாய் என்று கோபமில்லாமல் கேள். அதில் ஓரிருவர் திரும்பி வந்து அரியரை எழுதினாலும் உங்கள் கணக்கு ஏறும்.

தாளாளர் ஒப்புக்கொள்வாரா என்றால், முதலில் மாட்டார். 'பக்கத்துக் கல்லூரிக்காரன் 100 போடுகிறான், நாம் 60 போட்டால் யார் வருவார்கள்?' என்பார். சண்டை போடாதே. இந்த வருடம் அந்த 100ஐ மட்டும் எடுத்துவிட்டு எண்ணிக்கையை நீ ஒரு நோட்டில் வைத்துக்கொள் என்று அவர் சொன்னாலும் சரி என்பேன். ஆனால் உன் பெயர் போட்ட பிராஸ்பெக்டஸில் அந்த வரி போகக் கூடாது. நாளைக்கு ஒரு அப்பா வந்து உன் மேஜை முன்னால் அதைக் காட்டிக் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது நீதான், அவர் இல்லை.

அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, மாத்திரையை மட்டும் மறந்துவிடுகிறார். முருங்கைக்கீரைப் பொடி கொடுத்துவிட்டிருக்கிறேன், ஹாஸ்டல் பிள்ளைகளுக்கும் கொடு. திருத்திய பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் வாட்ஸ்அப்பில் அனுப்பு. கூட்டல் வகுத்தலை நான் ஒரு தடவை சரிபார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா