சிவகாசியை எந்த ஜில்லாவில் தேடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கலெக்டர் கச்சேரி, கோர்ட்டு ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவது பற்றிய உங்கள் கட்டுரையை வரவேற்கிறேன். ஆனால் படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. எந்தப் பெயரில், எந்த எண்ணில் தேடுவது என்று தெரியாவிட்டால், ஆவணக் கட்டு இருந்தும் இல்லாததுதான்.

சிவகாசி இன்று விருதுநகர் மாவட்டம். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிறக்கும்வரை அது திருநெல்வேலி ஜில்லா, சாத்தூர் தாலுகா. ஆகவே அங்கே நடந்த 1899 கலவரம் பற்றிய கலெக்டர் கடிதங்களைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் திருநெல்வேலிப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். கரூரும் அப்படித்தான்: 1910-க்கு முன் கோயம்புத்தூர், பின் திருச்சி.

அடுத்த குழி பசலி, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்பார்கள். அது பாதிதான் சரி. பசலி 1320 என்பது 1910 ஜூலை 1 முதல் 1911 ஜூன் 30 வரை. அந்தப் பசலியின் மார்ச் மாதத்து உத்தரவை 1910 கட்டில் தேடினால் கிடைக்காது, 1911-ல் இருக்கும்.

நிலத்தை அளந்து வரி நிர்ணயித்த செட்டில்மெண்ட் பதிவேட்டில் இன்னும் கவனம் வேண்டும். சர்வே எண், பழைய எண், நஞ்சையா புஞ்சையா, தரம், விஸ்தீரணம், தீர்வை (நிலவரி), பட்டா எண், பட்டாதாரர் பெயர் என்று ஒரே வரி இரண்டு பக்கத்துக்கு நீளும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பல வரிகளில் 'மேற்படி' என்றுதான் இருக்கும். தேவையான வரியை மட்டும் நகல் எடுத்தால் பெயரே வராது. முழுப் பெயர் எழுதிய வரிவரை மேலே போக வேண்டும், சில சமயம் முந்தைய பக்கத்துக்கே. தீர்வையில் 2-4-6 என்றிருந்தால் இரண்டு ரூபாய், நான்கு அணா, ஆறு பை. இதைத் தசமமாக வாசித்துக் குழம்புகிறவர்கள் அதிகம்.

முன்சீப் கோர்ட்டு வழக்குக்கு ஓ.எஸ். (அசல் வழக்கு) எண் மட்டும் போதாது, ஆண்டும் அன்றைய கோர்ட்டின் ஊரும் சேர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். கட்டுகளைக் காலம் கழிந்தபின் அழிக்க 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 'கட்டு இல்லை' என்று பதில் வந்தாலும் விடாமல் வழக்குப் பதிவேட்டைக் கேளுங்கள். மேல்முறையீடு போயிருந்தால் மேல்கோர்ட்டுத் தீர்ப்பில் கீழ்க்கோர்ட்டின் எண்ணும் தேதியும் இருக்கும்.

ஜில்லாப் பிரதி செல்லரித்துப் போயிருந்தால் சென்னை ரெவின்யூ போர்டு (வருவாய் வாரியம்) நடவடிக்கைத் தொகுதிகளைப் பாருங்கள். 1786-ல் தொடங்கிய அந்தப் போர்டுக்குக் கலெக்டர்கள் எழுதியவற்றில் பல, இணைப்புகளோடு அங்கே பதிவாகியிருக்கின்றன. கடிதத் தேதியை விட்டுவிட்டுப் போர்டு அதை எடுத்துக்கொண்ட தேதியில் தேட வேண்டும்.

கணினிப் பட்டியல் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு கிராமத்துக்கும் அன்றைய ஜில்லா, தாலுகா, இன்றைய மாவட்டம் மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் பதிய வேண்டும். தாளின் பின்பக்கத்தையும் படம் பிடிக்க வேண்டும். குறிப்பாணைகள் அங்கேதான் இருக்கும்.

— ஒரு வாசகர், விருதுநகர்