பத்திரம் பேசும் கப்பல்

தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். ஓய்வு பெற்ற பிறகும் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் உங்களை விட்டபாடில்லை என்றும், உறவினர் ஒருவர் மனை வாங்குவதற்காகப் பழைய பதிவுகளை எல்லாம் மீண்டும் புரட்ட நேர்ந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். படித்தபோது சிரிப்பு வந்தது. ஏனென்றால் நானும் இப்போது ஒரு சொத்தின் கைமாற்ற வரலாற்றில்தான் மூழ்கியிருக்கிறேன். அந்தச் சொத்து நிலமன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மரக்கப்பல் ஒன்று. கப்பல் முகவர் அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைக்காது; அதை எழுதிச் சொல்லச் சார்பதிவாளராக இருந்த உங்களைவிடப் பொருத்தமான ஆளும் கிடைக்கமாட்டார்.

‘மேரி செலஸ்ட்’ என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1872-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடலில், அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையில், பாய் விரித்தபடி ஆளில்லாமல் மிதந்த கப்பல் அது. அதிலிருந்த பத்துப் பேருக்கும் என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி இன்றுவரை எழுதிக் குவித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த மர்மத்தில் பெரிய ஈடுபாடில்லை. கப்பல் எங்கே, எப்படிக் கட்டப்பட்டது, யார் பெயரில் எந்தத் துறைமுகத்தில் பதிவானது, ஒவ்வொரு பதிவிலும் என்னென்ன மாறியது என்று பார்த்துக்கொண்டு போனால், எந்த மர்மக் கதையும் தராத அளவுக்கு மனிதர்களின் ஆசையும் கணக்கும் அதில் வெளிப்படுகின்றன.

கப்பலின் முதற்பெயர் ‘அமேசான்’. இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியா அப்போது தனியொரு பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. அங்கே ஃபண்டி விரிகுடாவின் கரையில் ஸ்பென்சர்ஸ் ஐலண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பெயரைக் கண்டு தீவென்று எண்ணிவிடாதீர்கள், தீவு எதிரே கடலுக்குள் இருக்கிறது, ஊர் நிலக்கரையில்தான். அங்கே ஜோஷுவா டியூயிஸ் என்பவரின் கட்டுதளத்தில் 1860-ஆம் ஆண்டின் இறுதியில் இதன் ஏரா, அதாவது அடிமரம், வைக்கப்பட்டது. மரம் முழுவதும் அந்த வட்டாரத்துக் காடுகளில் வெட்டியது. பெரிய பட்டறையோ வரைபட அலுவலகமோ இல்லாத அத்தகைய ஊர்களில் கப்பல் கட்டும் முறை தனிச் சுவை உடையது. முதலில் கப்பலின் ஒரு பக்கத்தை மட்டும், பலகை அடுக்குகளை ஒட்டிச் சிறிய மாதிரியாகச் செதுக்குவார்கள். முதலாளியும் கப்பல் தலைவனாக, அதாவது கேப்டனாக, போகிறவனும் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, முன்புறம் இன்னும் சற்றுக் கூர்மையாகட்டும், வயிறு இன்னும் சற்றுப் பருக்கட்டும் என்று சொல்ல, அதன்படி செதுக்கி முடித்த பின் அடுக்குகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் அளந்து, அந்த அளவுகளை முழு உருவுக்குப் பெருக்கித் தரையில் கோடு போட்டுக்கொள்வார்கள். குளிர்காலத்தில் பனி உறைந்த தரையில் மாடு பூட்டி மரத்தை இழுத்துவருவது எளிது என்பதால் காட்டுவேலை அப்போது நடக்கும்.

அடிமரத்தின் மேல் விலாச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி பதித்தார்கள். இந்த வகைக் கட்டுமானத்தில் வளைவான இடத்துக்குரிய பலகையை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் சட்டத்தோடு அழுத்தி வளைப்பார்கள். பலகையைப் பிணைக்க மரமுளைகளையும் அடிப்பதுண்டு. நீரில் ஊறியதும் அவை உப்பி இறுகிக்கொள்ளும். இணைப்புகளில் பழங்கயிற்று நாரைத் திணித்து, மேலே தார் ஊற்றிக் கலப்பற்று வேலையை முடிப்பார்கள். நம் தோணிக் கட்டுதளங்களின் பக்கம் போகும்போதெல்லாம் மரச்சுத்தியால் உளியைத் தட்டி நார் திணிக்கும் ஓசையை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதே வேலைதான்.

இரண்டு பாய்மரங்கள். முன்மரத்தில் குறுக்குப் பருமல்களில் தொங்கும் சதுரப் பாய்கள், பின்மரத்தில் கப்பலின் நீளவாக்கில் விரியும் பாய். இந்த அமைப்பைப் பிரிகன்டைன் என்பார்கள். 1861 மே 18-ஆம் நாள் கப்பலைக் கடலில் இறக்கினார்கள். ஃபண்டி விரிகுடா உலகிலேயே மிகுந்த ஏற்றவற்றம் உடைய கடற்பகுதி. தென்னை உயரத்துக்கு ஏறுகிற நீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும் அந்தக் கரையில், உயர்ந்த ஏற்றத்துக்காகக் காத்திருந்துதான் கப்பலை இறக்க முடியும்.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். ஜூன் 10-ஆம் நாள் அருகிலிருந்த பார்ஸ்பரோ துறைமுகத்தில் கப்பல் பதிவானது. அங்கெல்லாம் சுங்க அதிகாரிதான் பதிவாளர். அன்று நடைமுறையில் இருந்தது 1854-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம். அதன்படி, எந்த வகைக் கப்பலை எங்கே, எப்போது, யாருக்காகக் கட்டினேன் என்று கட்டியவரே கையெழுத்திட்டுச் சான்று தரவேண்டும். அளவையாளர் அளந்து தனிச் சான்று தரவேண்டும். உரிமையாளர்கள் தாங்கள் பிரிட்டிஷ் குடிகள் என்று உறுதிமொழி அளிக்கவேண்டும். கப்பலுக்கு ஓர் அரசு எண் வழங்கப்படும். அந்த எண்ணையும் பதிவுக் கொள்ளளவையும் கப்பலின் முதன்மை உத்தரத்தில் வெட்டிப் பொறிக்கவேண்டும். காகிதம் தொலைந்தாலும் மரம் சாட்சி சொல்லும் என்ற ஏற்பாடு இது. சர்வே எண் பொறித்த எல்லைக்கல்லைச் சொத்தின் நடுவிலேயே நட்டுவைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு கப்பலின் உடைமை எப்போதும் 64 பங்குகள். உரிமையாளர்களாகப் பதிவு பெறுவோர் 32 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. நம் 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் பத்துப் பங்கு என்று வகுத்ததை நான் அலுவலகத்தில் அன்றாடம் பார்த்தவன். அமேசானுக்கு டியூயிஸ் தலைமையில் உள்ளூரார் ஒன்பது பேர் உரிமையாளர்கள். கப்பலின் முதல் தலைவரான ராபர்ட் மெக்லெல்லனும் அவர்களுள் ஒருவர். பெரிய வங்கியோ கம்பெனியோ இல்லாத கரையோர ஊர்களில் இப்படிப் பங்கு பிரித்துத்தான் கடல் வாணிகத்துக்கு முதல் திரட்டினார்கள்.

உங்களுக்கு மிகவும் பிடிக்கப்போகும் செய்தி இதுதான். கப்பலின் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட அடமானம் இருந்தால், எது முந்தையது என்பதை அந்தச் சட்டம் பத்திரம் எழுதிய நாளைக் கொண்டு முடிவு செய்யவில்லை, பதிவேட்டில் ஏறிய நாளைக் கொண்டே முடிவு செய்தது. நம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவோ, பதிவான ஆவணம் பதிவு நாளிலிருந்து அன்றி, எழுதிக்கொடுத்த காலத்திலிருந்தே செல்லும் என்கிறது. இன்னொன்று: கப்பலோடு பயணம் செய்யும் பதிவுச் சான்றிதழை யாரும் கடனுக்கு ஈடாகப் பிடித்துவைக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொன்னது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கும் நம் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. சான்றிதழைப் பிடித்துக்கொண்டால் கப்பல் துறைமுகத்தை விட்டு நகர முடியாது. நகராத கப்பல் யாருடைய கடனையும் அடைக்காது. இது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன்.

பதிவில் கண்ட அளவுகள்: நீளம் 99.3 அடி, அகலம் 25.5 அடி, ஆழம் 11.7 அடி, கொள்ளளவு 198.42 டன். இந்த டன் எடையன்று, நூறு கன அடி இடம். ஜார்ஜ் மூர்சம் என்பவர் வகுத்த முறைப்படி, கப்பலின் உட்புறத்தைப் பல குறுக்குவெட்டுகளாக அளந்து உண்மையான கொள்ளளவைக் கணக்கிடவேண்டும் என்று 1854-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1830-களின் நடுப்பகுதி வரை வழங்கிய பழைய வாய்பாட்டில் ஆழத்தை யாரும் அளந்ததே இல்லை. அகலத்தில் பாதிதான் ஆழம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடுவார்கள். துறைமுக வரியும் கலங்கரை விளக்குவரியும் பதிவு டன்னின் மேல் விழுவதால், அகலத்தைச் சுருக்கி ஆழத்தைக் கூட்டிக் கப்பல் கட்டி வரியைக் குறைத்தார்கள். கடலில் அவை உருண்டு தவித்ததைப் பற்றி வரிக்கணக்குக்கு என்ன கவலை?

இதன் மேல் நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமேசானின் நீளத்தையும் அகலத்தையும் பழைய வாய்பாட்டில் இட்டால் ஏறத்தாழ 290 டன் வருகிறது. 1872-இல் இதே கப்பலின் மேல்தளத்தை உயர்த்தி, இரண்டாவது தளம் ஒன்றைச் சேர்த்தார்கள். நீளம் 103 அடி, அகலம் 25.7 அடி, ஆழம் 16.2 அடி, கொள்ளளவு 282.28 டன் என்று ஆனது. புதிய முறையில் கொள்ளளவு நூற்றுக்கு 42 பங்கு கூடியிருக்கிறது. பழைய வாய்பாட்டில் போட்டால் 308 டன்னுக்கு அருகில், அதாவது நூற்றுக்கு ஆறு பங்குதான் கூடும். ஆழம் நாலரை அடி வளர்ந்ததைப் பழைய பதிவேடு கண்டுகொண்டே இருக்காது. மூர்சம் எதற்காக அவ்வளவு சிரமப்பட்டார் என்பது இந்த ஒரே கப்பலில் விளங்கிவிடுகிறது.

கைமாற்றங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மெக்லெல்லன் முதற்பயணத்திலேயே நோயுற்று ஜூன் 19-ஆம் நாள் இறந்தார். பதிவு நடந்து ஒன்பதே நாள். மை காய்வதற்குள் தலைவரின் பெயரையும் ஒரு பங்குதாரரின் பெயரையும் மாற்றவேண்டிய நிலை. 1867 அக்டோபரில் கேப் பிரெட்டன் தீவின் கரையில் புயல் கப்பலைத் தரைதட்ட வைத்தது. சேதத்தைப் பார்த்த உரிமையாளர்கள் அதைக் கைவிட்டார்கள். உடைசலாகவே வாங்கப்பட்டு, மேலும் கைமாறி, 1868 நவம்பரில் நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹெய்ன்ஸ் என்ற மாலுமியிடம் 1,750 டாலருக்கு வந்தது. அவர் 8,825 டாலர் செலவழித்துப் பழுதுபார்த்து, டிசம்பரில் நியூயார்க் சுங்கத்தில் ‘மேரி செலஸ்ட்’ என்ற புதிய பெயரில் அமெரிக்கக் கப்பலாகப் பதிவு செய்தார்.

என்னைப் பிடித்து நிறுத்திய இடம் இதுதான். அந்நாளில் அமெரிக்காவில் கட்டப்பட்ட கப்பலுக்குத்தான் அமெரிக்கப் பதிவு. 1852-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விலக்கை அளித்தது: வெளிநாட்டில் கட்டிய கப்பல் அமெரிக்காவில் உடைந்து, அதை அமெரிக்கக் குடிமகன் ஒருவர் வாங்கிப் பழுதுபார்த்து, பழுதுச் செலவு மொத்த அடக்கத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருந்தால் பதிவு தரலாம். ஹெய்ன்ஸின் மொத்த அடக்கம் 10,575 டாலர். அதில் முக்கால் பங்கு ஏறத்தாழ 7,931. பழுதுச் செலவு அதைத் தாண்டிவிட்டது, கணக்கு சரி. ஆனால் கப்பல் உடைந்தது கேப் பிரெட்டனில். அது அமெரிக்காவில் இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் கனடாக் கூட்டமைப்பில் சேர்ந்திருந்த நோவா ஸ்கோஷியாவின் பகுதி. சட்டத்தின் எழுத்துப்படி பொருந்தாத கப்பலுக்குப் பதிவு கிடைத்துவிட்டது. செலவுச் சீட்டுகள் கச்சிதமாக இருக்கும் விண்ணப்பத்தில் மற்றவற்றை யாரும் துருவிப் பார்ப்பதில்லை என்பதை நீங்களும் நானும் அறியாதவர்களா?

அடுத்த ஆண்டே ஹெய்ன்ஸின் கடன்காரர்கள் கப்பலைக் கைப்பற்றி விற்றார்கள். ஜேம்ஸ் வின்செஸ்டர் தலைமையிலான நியூயார்க் கூட்டு ஒன்று அதை வாங்கியது. மேற்சொன்ன தள உயர்வுக்கு 10,000 டாலர் செலவிட்டார்கள். 1872 அக்டோபர் இறுதியில் பாதி வின்செஸ்டர் கையில், மூன்றில் ஒரு பங்கு புதிய தலைவர் பெஞ்சமின் பிரிக்ஸ் கையில், எஞ்சியது வேறு இருவர் கையில் இருந்தது. பிரிக்ஸ் மனைவியோடும் இரண்டு வயது மகளோடும், 1,701 பீப்பாய் ஆல்கஹாலை ஏற்றிக்கொண்டு ஜெனோவாவுக்குப் புறப்பட்டார். அவர்களை மீண்டும் யாரும் பார்க்கவில்லை. கண்டெடுத்தபோது கப்பலில் அன்றாடக் குறிப்பேடு இருந்தது. படகு இல்லை, திசைகாணும் கருவிகளில் பெரும்பாலானவை இல்லை, கப்பலின் பத்திரங்களும் இல்லை. மனைவியையும் குழந்தையையும் படகில் ஏற்றும் அவசரத்திலும் பிரிக்ஸ் பத்திரங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றே நான் கொள்கிறேன். தலைவர் என்ற முறையில் அது அவர் கடமை. மூன்றில் ஒரு பங்குக்காரர் என்ற முறையில் அவருடைய சொத்தும் அதில்தான் இருந்தது. பித்துப் பிடித்த மாலுமி, கடல் அரக்கன் என்றெல்லாம் கதை கட்டுகிறவர்கள் இந்த ஒரு சிறு விவரத்தின் முன் கொஞ்சம் நிதானிக்கலாம். பத்திரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கியவர், யோசித்துத்தான் இறங்கியிருக்கிறார்.

ஜிப்ரால்டர் நீதிமன்றம் கப்பலை மீட்டவர்களுக்கு 1,700 பவுண்டு மட்டும் அளித்தது; கப்பலும் சரக்கும் சேர்ந்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். வின்செஸ்டர் கூட்டு 1874-இல் நட்டத்துக்கு விற்றுவிட்டது. கடைசியாக 1885 ஜனவரி 3-ஆம் நாள், கில்மன் பார்க்கர் என்ற தலைவர் ஹைட்டிக் கரையருகே தெரிந்தே பாறைத்திட்டில் ஏற்றினார். சல்லிக்காசு பெறாத சரக்குக்கு 30,000 டாலர் காப்பீடு செய்திருந்ததுதான் காரணம். வழக்கில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பார்க்கர் சில மாதங்களிலேயே வறுமையில் இறந்துபோனார்.

உங்களிடம் ஒரு கேள்வி. அடமான முன்னுரிமையைப் பதிவு நாளைக் கொண்டு தீர்மானிக்கும் முறை நிலத்துக்கும் இருந்திருந்தால், உங்கள் காலத்தில் கண்ட வழக்குகளில் எத்தனை வழக்கு நீதிமன்றப் படியேறாமல் தீர்ந்திருக்கும்? 47-ஆம் பிரிவை நீங்கள் எப்போதும் ஆதரித்துப் பேசுவீர்கள் என்பது தெரியும். இருந்தாலும் கப்பற்காரன் பக்கத்து நியாயத்தையும் எண்ணிப் பார்த்து, சற்று விரிவாகவே பதில் எழுதுங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்