நானுஓயா ஸ்டேஷனில் ஊசி தந்த அம்மாவுக்கு

போன சனிக்கிழமை பதுளை ரயிலுக்காக நானுஓயாவில் காத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்கு இந்த நன்றி. பெயரைக்கூடக் கேட்கவில்லை, என் புத்தி அப்படி.

லினன் மேசைவிரிப்பில் பூத்தையலில் ரோஜா போட, புல்லியன் முடிச்சு என்ற தையலோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஊசியில் நூலை ஏழெட்டுச் சுற்று சுற்றி இழுத்தால் பாதியில் சிக்கும். பிரித்தெடுத்தால் துணியில் ஓட்டை தெரியும்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிழை கையில இல்ல மகள், ஊசியில" என்றார். என் ஊசியின் காது உடம்பைவிட அகலம், அதுதான் சுற்றுகளில் மாட்டுகிறதாம். தன் பையிலிருந்து காதும் உடம்பும் ஒரே பருமனான நீள ஊசி ஒன்றை எடுத்துத் தந்தார். இறுக்காமல் சுற்றி, சுற்றுகளைப் பெருவிரலால் மெல்லப் பிடித்தபடி ஊசியை இழுக்க வேண்டும். தையலின் நீளத்துக்குச் சரியாகச் சுற்றினால் நேராகப் படுக்கும். இரண்டு மூன்று சுற்று கூட்டினால் வளையும், இதழுக்கு அதுதான் வேண்டும். சரி என்று போட்டேன். குட்டிப் புழு மாதிரி வளைந்து படுத்தது முதல் இதழ்!

அதற்குள் அவருடைய கண்டிப் பக்க ரயில் வந்துவிட்டது. ஊசி என்னிடம்தான் இருக்கிறது, அம்மா.